எண் மாறாதே? வீட்டுத் தொலைபேசி செம்பிலிருந்து கண்ணாடிக்கு வந்த கதை



ஃபைபர் இணைப்புக்கான துண்டுப்பிரசுரங்கள் இப்போது எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையிலும் தொங்குகின்றன. மாதம் இவ்வளவு ரூபாய், வேகம் இவ்வளவு, கூடவே இத்தனை ஓடிடி என்று பெரிய எழுத்தில் இருக்கும். வீட்டில் இருக்கும் இளையவர்கள் வேகத்தைப் பார்ப்பார்கள். பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி வேறு: "நம்ம பழைய நம்பர் மாறாதே?"

இது பழமையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களின் கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த எண் உறவினர் வீட்டு டைரிகளில் இருக்கிறது. வங்கியிலும், காப்பீட்டுப் பத்திரத்திலும், குடும்ப மருத்துவரின் பதிவேட்டிலும் இருக்கிறது. முப்பது வருடமாகத் தொடர்பில்லாத பள்ளி நண்பர் ஒருவர் திடீரென்று அழைத்தால் அந்த எண்ணில்தான் அழைப்பார். சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணை மாற்றாமலே ஃபைபருக்குப் போகலாம், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. எண்ணைக் காப்பாற்றிய பிறகும் நாம் இழக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் புரிந்துகொள்ள, அந்த எண் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்ற கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

எண் பிறந்த கதை

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876 மார்ச்சில். அப்போது தொலைபேசி எண் என்று ஒன்று கிடையாது. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரிடம் யாரோடு பேச வேண்டும் என்று பெயரைச் சொன்னால், அவர் இரண்டு கம்பிகளையும் இணைத்துவிடுவார். எந்தக் கம்பி யாருடையது என்பது ஆபரேட்டரின் நினைவில் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் உள்ள ஆபத்தை முதலில் உணர்ந்தவர் ஒரு மருத்துவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லோவெல் நகரில், 1879-80 காலத்தில், மணல்வாரி அம்மை பரவியது. அந்த ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்கள் நான்கே ஆபரேட்டர்கள். நால்வரும் படுத்துவிட்டால் புதிதாக வருபவருக்கு யார் கம்பி எது என்று தெரியாது, ஊரே பேச முடியாமல் போய்விடும் என்று டாக்டர் மோசஸ் கிரீலி பார்க்கர் கவலைப்பட்டார். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள் என்றார். நோய்க்காலத்தில் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் பிறந்ததுதான் தொலைபேசி எண்.

அடுத்த திருப்பத்துக்குக் காரணமானவர், ஈமக்கிரியை ஏற்பாடுகள் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் தன் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் சந்தேகப்பட்டதாகச் சொல்வார்கள். ஆபரேட்டரே தேவைப்படாத தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு 1891-இல் அவர் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு, நாம் சுழற்றும் ஒவ்வொரு இலக்கமும் எக்ஸ்சேஞ்சில் ஒரு சுவிட்சை ஒவ்வொரு படியாக நகர்த்தி, கடைசியில் ஒரு குறிப்பிட்ட கம்பியில் கொண்டுபோய் நிறுத்தியது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் காலத்தில் தொலைபேசி எண் என்பது எக்ஸ்சேஞ்சில் உள்ள ஒரு முனையின் முகவரி. ஆளுக்கு அதில் உரிமை ஏதும் இல்லை. தெருவில் உள்ள கதவு எண் போலத்தான் அது. வீடு மாறினால் கதவு எண்ணைக் கையோடு எடுத்துப்போக முடியாது அல்லவா? வேறு பேட்டைக்குக் குடிபோனால் தொலைபேசி எண் மாறியதற்கும் அதுவே காரணம்.

சென்னைக்கு வந்தது

நம் ஊருக்குத் தொலைபேசி வெகு சீக்கிரமே வந்துவிட்டது. 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று நகரங்களிலும் எக்ஸ்சேஞ்சுகள் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டன. நடத்தியது ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி என்ற தனியார் நிறுவனம். கல்கத்தா எக்ஸ்சேஞ்சில் அப்போது இருந்த சந்தாதாரர்கள் நூறு பேருக்கும் குறைவு. நம் பிளாக்குகளில் உள்ள வீடுகளை எண்ணிப் பார்த்தால் அந்த எண்ணிக்கை எவ்வளவு சிறியது என்று புரியும்.

இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14-இல் சிம்லாவில் வந்தது. கோடைக்காலத்தில் அரசாங்கம் அங்கேதான் இருந்தது. 1943-இல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களின் தொலைபேசி கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டது. அன்று தொடங்கி சுமார் அரை நூற்றாண்டுக்குத் தொலைபேசி என்றால் அரசுத் துறை என்றே இருந்தது.

எஸ்.டி.டி. வசதி 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே முதலில் வந்தது. அதுவரை எல்லோருக்கும், அதற்குப் பிறகும் பல வருடங்கள் பலருக்கும், வெளியூருக்குப் பேசுவதென்றால் டிரங்க் கால்தான். பதிவு செய்துவிட்டுப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் அர்ஜென்ட், அதைவிட அவசரம் என்றால் லைட்னிங். கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

உங்களில் மூத்தவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகைகளில் அச்சாகியிருந்த 'பி.பி.' நினைவிருக்கும். வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள், பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு அதன் அருகில் பி.பி. என்று குறிப்பிடுவார்கள். ஒரு தெருவுக்கே ஒரே எண். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து, பிறர் வீட்டுக் கூடத்தில் நின்று, நல்ல செய்தியையும் துக்கச் செய்தியையும் கேட்டுக்கொண்டவர்கள் ஏராளம். லேண்ட்லைன் எண்மீது பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காத்திருந்த காலம்

தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த கதை பல வீடுகளில் உண்டு. கூடுதலாக முன்பணம் கட்டினால் முன்னுரிமை தரும் 'ஓ.ஒய்.டி.' திட்டம் இருந்தது. அதற்கும் ஒரு வரிசை இருந்தது.

இது எவ்வளவு பெரிய பற்றாக்குறை என்பதை 1994-இல் வெளியான தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையே சொல்லிவிடுகிறது. அன்று நாடு முழுவதும் இருந்த இணைப்புகள் சுமார் 80 லட்சம். காத்திருப்போர் பட்டியலில் சுமார் 25 லட்சம் பேர். நூறு பேருக்கு 0.8 தொலைபேசி என்ற விகிதம். உலக சராசரி அப்போது நூறு பேருக்கு 10.

நிலைமை மாறத் தொடங்கியது எண்பதுகளில். 1984-இல் சி-டாட் என்ற அரசு ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. தூசியையும் வெப்பத்தையும் தாங்கும் மின்னணு எக்ஸ்சேஞ்சுகளை உள்நாட்டிலேயே வடிவமைத்தார்கள். மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்து அங்கே வரிசை நிற்கும்.

1986-இல் டெல்லிக்கும் பம்பாய்க்கும் எம்.டி.என்.எல். என்ற தனி நிறுவனம் வந்தது. சென்னை அதில் சேரவில்லை, அரசுத் துறையிலேயே தொடர்ந்தது. 2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். செயல்படத் தொடங்கியபோது நம் இணைப்புகள் அதன் கீழ் வந்தன.

இதற்கிடையே எண்களும் வளர்ந்தன. சென்னையில் ஐந்து இலக்கம் ஆறாகி, ஆறு ஏழாகி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்னால் ஒரு 2 சேர்ந்து எட்டானது. தனியார் நிறுவனங்களுக்கும் இடம் கொடுக்க வேண்டியிருந்ததால் இந்த ஏற்பாடு. பழைய அரசு இணைப்புகளுக்கு 2, தனியாருக்கு 4 முதலிய வேறு இலக்கங்கள். இன்றும் சென்னை எண்ணைப் பார்த்தே பேட்டையை ஓரளவு ஊகிக்கலாம். 24 என்று தொடங்கினால் மயிலாப்பூர், அடையாறு பக்கம். 26 என்றால் அண்ணா நகர் பக்கம். 22 என்றால் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம். ஸ்ட்ரோஜர் காலத்து வழக்கத்தின் மிச்சம் இது. எண் என்பது இன்னும் ஓர் இடத்தின் பெயராகவே இருக்கிறது.

ஒரே கம்பியில் பேச்சும் இணையமும்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி, நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் இணையம் வந்தது. கீச்சென்று மோடம் போடும் சத்தம் இன்னும் பலர் காதில் இருக்கும். இணையம் ஓடும்போது தொலைபேசி 'எங்கேஜ்டு'. யாராவது ரிசீவரை எடுத்தால் இணையம் போச்சு.

இந்தச் சண்டையைத் தீர்த்தது ஏ.டி.எஸ்.எல். நுட்பம். மனிதக் குரலைக் கொண்டுசெல்லத் தொலைபேசி பயன்படுத்துவது 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை மட்டும்தான். அதற்கு மேலே செம்புக் கம்பி சும்மா கிடந்தது. அந்த மேல்மாடியில் இணையத்தைக் குடிவைத்தார்கள். தொலைபேசிக்கும் மோடத்துக்கும் நடுவே மாட்டிய சின்ன ஸ்பிளிட்டர் பெட்டி, கீழ்மாடியையும் மேல்மாடியையும் பிரித்துக் கொடுத்தது.

2004-இல் வந்த பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. அந்த 256 கிலோபிட் வேகத்தில் 700 மெகாபைட் அளவுள்ள ஒரு சினிமாவை இறக்க ஆறு மணி நேரம் ஆகும். 100 மெகாபிட் ஃபைபரில் அதே வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 2023 ஜனவரியில் அரசு பிராட்பேண்டின் குறைந்தபட்ச அளவை 2 மெகாபிட்டாக உயர்த்தியது.

செம்புக்கு ஒரு பலவீனம் உண்டு. தூரம் கூடக்கூட அதில் போகும் சமிக்ஞை தேய்ந்துகொண்டே போகும். ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் நுட்பத்தின் உச்ச வேகம் 24 மெகாபிட். அது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்குத்தான். மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அதில் ஒரு பங்குதான் வரும். மழைக்காலத்தில் ஜாயின்டுகளில் தண்ணீர் இறங்கினால் கரகரப்பு. மழைநீர் வடிகாலுக்கோ மெட்ரோ பணிக்கோ சாலையைத் தோண்டினால் மொத்தத் தெருவும் ஊமை. லைன்மேன் வந்து பில்லர் பெட்டியில் நூற்றுக்கணக்கான கம்பிகளுக்கு நடுவே நம் ஜோடியைத் தேடுவார்.

அந்தக் காலத்தில்தான் கைபேசியும் மலிவானது. நாட்டில் 2006 வாக்கில் சுமார் 5 கோடியாக இருந்த லேண்ட்லைன் இணைப்புகள், 2020 வாக்கில் சுமார் 2 கோடியாகச் சுருங்கின. லேண்ட்லைன் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

கண்ணாடி இழை

லேண்ட்லைனுக்கு மறுவாழ்வு கொடுத்தது கண்ணாடி. வளைந்த இழைக்குள் ஒளியைக் கொண்டுசெல்லும் ஆராய்ச்சியில் முன்னோடிகளில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டிய ஆய்வை 1954-இல் வெளியிட்டார். ஆனால் அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீட்டர்களிலேயே மங்கிவிடும்.

கண்ணாடியில் உள்ள அழுக்குகளே இதற்குக் காரணம், தூய்மையாக்கினால் தொலைபேசிக்கே பயன்படுத்தலாம் என்று 1966-இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் எழுதினார்கள். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதை எட்டியது. இன்றைய நல்ல இழையில் ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் 95 பங்கு ஒளி மிஞ்சுகிறது. காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் 1979-இலேயே புணே நகரில் எக்ஸ்சேஞ்சுகளை இணைக்க ஒளியிழை போடப்பட்டது. 2002-இல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ2ஐ கேபிள் வந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்கும் கேபிள் போய்ச் சேர்ந்தது. கடலைத் தாண்டிய இழை, எக்ஸ்சேஞ்சிலிருந்து நம் வீட்டு வாசலுக்கு வரும் கடைசி ஓரிரு கிலோமீட்டரைக் கடக்கத்தான் அதிக காலம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தெருவையும் தோண்டி, ஒவ்வொரு கட்டடத்திலும் அனுமதி வாங்கி, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் துளை போடுவது அவ்வளவு எளிதல்ல.

இழை வீட்டுக்குள் வந்ததும் லேண்ட்லைன் எண்ணிக்கை மறுபடி ஏறியது. 2024 மார்ச்சில் அது 3.3 கோடியைத் தாண்டியது. இந்த வளர்ச்சிக்குக் காரணம் ஃபைபர் இணையம். தொலைபேசி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

எண் இப்போது எங்கே இருக்கிறது?

இனி நம் கேள்விக்கு வருவோம். ஃபைபரில் உங்கள் வீட்டுக்கென்று எக்ஸ்சேஞ்சிலிருந்து தனிக் கம்பி ஜோடி கிடையாது. ஓர் இழையில் வரும் ஒளியை, மின்சாரமே தேவைப்படாத ஒரு ஸ்பிளிட்டர், 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். எல்லா வீட்டுத் தகவலும் எல்லா வீட்டுக்கும் வரும். உங்கள் வீட்டில் மாட்டும் ஓ.என்.டி. பெட்டி உங்களுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டியின் பின்புறம் 'போன்' என்று எழுதிய துளையில் உங்கள் பழைய தொலைபேசியை மாட்டினால் போதும். உங்கள் குரல் இணையத் தகவல் போலவே துண்டுதுண்டாக மாறி இழையில் பயணிக்கும்.

எண் இப்போது ஒரு கம்பியின் முகவரி இல்லை. நிறுவனத்தின் கணினியில் பதிவான ஒரு கணக்கு. இந்த ஓ.என்.டி. பெட்டிக்கு இந்த எண் என்று எழுதிவைத்தால் வேலை முடிந்தது. பி.எஸ்.என்.எல். செம்பு இணைப்பை அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாற்றும்போது பழைய எண்ணையே வைத்துக்கொள்ள முடிவதும் இதனால்தான்.

நிபந்தனை 'அதே நிறுவனம்' என்ற சொல்லில் இருக்கிறது. கைபேசி எண்ணை எந்த நிறுவனத்துக்கும் கொண்டுபோகும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரியில் வந்துவிட்டது. லேண்ட்லைனுக்கு இந்தியாவில் அந்த வசதி இல்லை. நீங்கள் வேறு நிறுவனத்தின் ஃபைபரை வாங்கினால் அவர்கள் ஒரு புதிய எண்ணைத்தான் தருவார்கள். பழைய எண்ணைச் சரண்டர் செய்துவிட்டால் அது நிறுவனத்தின் கைக்குத் திரும்பிப் போய்விடும். பிறகு வேறு யாருக்கும் ஒதுக்கப்படலாம். பிரிட்டனில் லேண்ட்லைன் எண்ணையும் நிறுவனம் விட்டு நிறுவனம் கொண்டுபோகலாம். ஆனால் அங்கேயும், எண் மாறி முடியும் முன்பே பழைய இணைப்பை ரத்து செய்தவர்கள் எண்ணை இழந்துவிடக்கூடும். ஆகவே எந்த ஊரானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் புதியது ஓட வேண்டும், பிறகுதான் பழையதை விட வேண்டும்.

மின்சாரம் யார் பொறுப்பு?

முதலில் சொன்னேன், எண்ணைக் காப்பாற்றிய பிறகும் இழக்கக்கூடிய ஒன்று இருக்கிறது என்று. அது கரண்ட் போனாலும் பேசும் தொலைபேசி.

பழைய தொலைபேசிக்கு நம் வீட்டு மின்சாரம் தேவைப்பட்டதே இல்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் செம்புக் கம்பி வழியாகவே வந்தது. கூடவே அங்கே ஜெனரேட்டரும் இருக்கும். நூறு வருடத்துக்கும் மேலாக, தொலைபேசியை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு எக்ஸ்சேஞ்சுக்காரருடையது. நமக்கு அது தெரியவே தெரியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் நின்று, கைபேசிக் கோபுரங்கள் பல இடங்களில் முடங்கின. கம்பி கெடாமல் தப்பிய சில இடங்களில் சாதாரண லேண்ட்லைன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் வர்தா, 2023-இல் மிக்ஜாம் என்று டிசம்பர் நமக்குப் பாடம் எடுத்துக்கொண்டே இருக்கிறது.

கண்ணாடியில் ஒளி போகும், மின்சாரம் போகாது. கரண்ட் போனால் உங்கள் ஓ.என்.டி. பெட்டி அணையும். எண் அப்படியே இருக்கும், மணி அடிக்காது. தொலைபேசிக்கு மின்சாரம் கொடுக்கும் பொறுப்பு, யாரும் சொல்லாமலே, நிறுவனத்திடமிருந்து நம் வீட்டுக்குக் கைமாறிவிட்டது.

இதன் விளைவைப் பிரிட்டன் கொஞ்சம் கடினமாகவே கற்றுக்கொண்டது. அங்கே செம்புத் தொலைபேசிச் சேவையை 2025 இறுதிக்குள் மூடிவிடத் திட்டமிட்டிருந்தார்கள். தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் அணிந்து, விழுந்தால் அழுத்தும் அவசரப் பொத்தான்கள் அந்தக் கம்பியை நம்பியிருந்தன. மாற்றத்தின்போது சில இடங்களில் அவை வேலை செய்யாமல் போனது தெரியவந்ததும், 2023 டிசம்பரில் அரசு நிறுவனங்களிடம் வாக்குறுதி வாங்கியது. மூடும் தேதியும் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. நம் வளாகத்திலும் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தனியாக இருக்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பழைய தொலைபேசி வெறும் நினைவுப்பொருள் இல்லை.

மாற்றுவதற்கு முன்

இவ்வளவு சொன்னதால் ஃபைபர் வேண்டாம் என்று பொருளில்லை. செம்பு போகத்தான் போகிறது. பழுது பார்க்க ஆளும் பொருளும் குறைந்துகொண்டே வருகின்றன. தெரிந்து மாறுவோம் என்பதுதான் வேண்டுகோள். மாறும் முன் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? பல வீடுகளில் அது காலமான அப்பா அல்லது மாமனார் பெயரிலேயே இருக்கும். பில் கட்டும்வரை யாரும் கேட்பதில்லை. மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் எழும். முதலில் வாரிசு பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

2. விண்ணப்பத்தில் 'பழைய எண்ணுடன் மாற்றம்' என்று எழுத்தில் கேளுங்கள். புது இணைப்பு என்று பதிவாகிவிட்டால் புது எண்தான் வரும். பாக்கி பில் இருந்தால் கட்டிவிட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

3. புதிய பெட்டியிலிருந்து ஒருமுறை வெளியே அழைத்தும், வெளியிலிருந்து உங்கள் எண்ணுக்கு அழைக்கச் சொல்லியும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்த பிறகே செம்பை விடுங்கள். லேண்ட்லைனிலிருந்து கைபேசிக்கு அழைக்கும்போது முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 15 முதல் இருக்கிறது. அழைப்பு போகவில்லை என்றால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

4. இழை எதுவரை வருகிறது என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் கட்டடம் வரை இழையைக் கொண்டுவந்து, மொட்டைமாடியில் ஒரு சுவிட்ச் பெட்டி வைத்து, அங்கிருந்து சாதாரணக் கேபிளில் வீட்டுக்குக் கொடுக்கின்றன. அந்தச் சுவிட்சுக்கு மின்சாரம் வேண்டும். வீட்டுக்குள் வரை இழை வந்தால்தான் அது முழு ஃபைபர்.

5. ஓ.என்.டி. பெட்டியை இன்வெர்ட்டர் பாயின்டில் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு ரவுட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது. உங்கள் பெட்டியின் வோல்ட் அளவைப் பார்த்து வாங்குங்கள். இதற்கு முனையில், நிறுவனமோ அதன் உள்ளூர்க் கூட்டாளியோ வைத்திருக்கும் கருவிக்கு எத்தனை மணி நேர பேட்டரி இருக்கிறது என்றும் கேளுங்கள். நம் பக்கம் மட்டும் விளக்கெரிந்து பயனில்லை.

6. டயலைச் சுழற்றும் பழைய கருவி வைத்திருந்தால், பல ஓ.என்.டி. பெட்டிகளில் அதற்கு மணி அடிக்கும், பேசவும் முடியும், ஆனால் எண்ணைச் சுழற்றி அழைக்க முடியாமல் போகலாம். பொத்தான் வைத்த தொலைபேசி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேக்ஸ், அலாரக் கருவி ஏதும் லேண்ட்லைனில் மாட்டியிருந்தால் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

7. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், சார்ஜ் ஏற்றிய ஒரு சாதாரணக் கைபேசியும் லேண்ட்லைன் பக்கத்திலேயே இருக்கட்டும். 112, 108 இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

தனித்தனி வீடுகள் செய்ய வேண்டியவை இவை. சங்கமாக நாம் பேச வேண்டியதும் ஒன்று உண்டு. செம்புக் காலத்தில் கட்டடத்துக்குள் ஒரே கேபிள், ஒரே டி.பி. பெட்டி. இப்போது ஆளுக்கொரு நிறுவனம் ஆளுக்கொரு கம்பியை மாடிப்படி ஓரமாக இழுத்துப்போகிறது. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு பாதை, ஒவ்வொரு தளத்திலும் ஒரு பெட்டி, பொது இடத்தில் உள்ள சுவிட்சுகளுக்கு ஜெனரேட்டர் லைனிலிருந்து ஒரு பாயின்ட் ஆகியவற்றை அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளலாம். லிஃப்ட் அவசர அழைப்பும் காவலர் அறை இன்டர்காமும் எதில் ஓடுகின்றன என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

லோவெல் நகரத்து மருத்துவர் கவலைப்பட்டது, இக்கட்டான நேரத்தில் ஊர் பேச்சற்றுப் போய்விடக் கூடாதே என்றுதான். எண்ணை மாற்றாமல் கொண்டுபோவது பாதி வேலை. மழை கொட்டும் இரவிலும் அந்த எண்ணில் மணி அடிக்கும்படி பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டையும் முடித்துவிடுங்கள்.